பிரேக்குக்கு ஜாமீன்

சேலத்தில் ஷோரூமோடு சேர்ந்த ஒரு சர்வீஸ் சென்டர் மேனேஜர், பெயர் தயாபரன். அவருடைய டைக்கு இஸ்திரி போடவே இரண்டு ஆள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றும் செங்கோடன், தன் பழைய வேனோடு அவரிடம் வந்தான். அந்த மாடலுக்கே பிரேக்கில் கோளாறு, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி கடிதம் போட்டிருந்தது.

"வெளி மெக்கானிக் கை வச்ச வண்டிக்கு அதெல்லாம் கிடையாதுப்பா."

"பார்ட்ஸ் இல்லைன்னு நீங்கதானே வெளியே அனுப்பினீங்க? பதினாலு பேரோட மலை இறங்கணும் சார்."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. கிளம்பு."

புது வண்டிகளின் சக்கரத்தடியில் வைக்க அங்கே எலுமிச்சம்பழம் குவித்திருந்தார்கள். செங்கோடன் ஒன்றை எடுத்து மேனேஜரின் ஷூவுக்கு முன்னால் வைத்தான்.

"அசையாம நில்லுங்க சார். வேகமா வந்து பழத்துக்கு முன்னாடி நிறுத்துறேன். பிரேக்குக்கு நீங்கதான் ஜாமீன்."

வேன் நின்ற இடத்திலேயே உறுமியதுதான் தாமதம், மேனேஜர் ஒரு புதுக் காரின் கூரைமேல் இருந்தார்!

"மாத்துங்கடா அவன் பிரேக்கை!"

மாற்றினார்கள். செங்கோடன் மறுபடி பழத்தை வைத்தான். "இப்ப நில்லுங்க சார்."

"அதான் மாத்தியாச்சேப்பா!"

"நீங்க நின்னாத்தான் நான் புது வண்டி எடுப்பேன்," என்றார் புதுக் காரின் சாவி வாங்க வந்திருந்த ஒரு அம்மாள்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வேன் சீறி வந்து, பழத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

செங்கோடன் இறங்கி, பழத்தை அவர் கையில் கொடுத்தான்.

"ரொம்ப வேர்த்துட்டீங்க சார். பிழிஞ்சு குடிங்க."