வெங்காய வண்டிக்குக் குரல் பதிந்த கதை

ஓடைக்கரைப்பட்டியில் வெங்காய வண்டி வைத்திருந்த பவுன்ராசுவுக்குக் குரல்தான் முதலீடு. தெருமுனையில் நின்று “வெங்காயோம்” என்று ஓர் இழுப்பு இழுத்தானானால், மூன்று தெரு தள்ளி மாவாட்டிக்கொண்டிருக்கிற பெண்கூடக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். அப்படிப்பட்ட தொண்டை ஐப்பசி அடைமழையில் கட்டிக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம். ரெண்டு நாளைக்கு வாயே திறக்கக் கூடாது” என்றார்.

பவுன்ராசு திறக்கவில்லை. இட்லிக்கும் திறக்கவில்லை, சோற்றுக்கும் திறக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி படுத்துக் கிடந்தான். அவன் மனைவி அன்னக்கொடி அழுதுகொண்டே டாக்டரிடம் ஓடி, சாப்பிடுவதற்கு மட்டும் திறந்துகொள்ளலாம் என்று அனுமதி வாங்கி வந்த பிறகுதான் ஒரு வாய் கஞ்சி உள்ளே போனது.

குரல் எப்படியோ திரும்பி வந்துவிட்டது. ஆனால் இனிமேல் தெருத்தெருவாகக் கத்தக் கூடாது, ஒரு தடவை பதிந்து வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டு முன்னறையில் மூட்டை மூட்டையாக வெங்காயம் கிடந்தது. மழை ஈரத்தில் அது சும்மா இருக்குமா? சாக்கு ஓட்டை வழியே பச்சைப் பச்சையாகத் தலையை நீட்ட ஆரம்பித்தது. வண்டி ஓட்டுகிற சுருளிவேலுக்கு அதைப் பார்த்து ஒரே மகிழ்ச்சி. “அண்ணே, நம்ம வீட்டுக்கு வந்த பெறகு வளருதுண்ணே! பொறுத்து வித்தா எடை கூடும்” என்றான். பவுன்ராசு மட்டும் நீட்டிய முளைகளை விரலால் சாக்குக்குள்ளேயே தள்ளிவிட்டான். முளைத்த வெங்காயத்தை யாரும் சீண்ட மாட்டார்கள் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரிந்த சொற்ப விஷயங்களில் அது ஒன்று.

போனில் பதிந்து பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ உதவிக்குக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அன்னக்கொடியின் தம்பி காசிமாயன்தான் வழி சொன்னான். அவன் சகலை திருப்பூருக்குப் போகும்போது ஒரு கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போயிருந்தான். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஆரோக்கியம் அதில் குரல் பதிகிற மென்பொருளை ஏற்றி, ஒரு மைக்கையும் கொடுத்து, “சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷர். வாழ்க்கையில் அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரை வெங்காய மூட்டைமேல் வைத்து நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அது வந்தால்தான் போன் பண்ணலாம் என்று காத்திருந்தார்கள். கடைசியில், “இதுல சந்தேகம் வருமா வராதான்னு எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள் அன்னக்கொடி. உடனே போனைப் போட்டார்கள்.

“ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க,” என்றார் ஆரோக்கியம். “சிவப்பு பட்டனை அழுத்திட்டுப் பேச ஆரம்பிங்க.”

நாலு பேரும் குனிந்து தங்கள் தங்கள் உடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். சுருளிவேலின் சட்டையில் வெள்ளை. பவுன்ராசுவுடையதில் பாதி கறுப்பு, மீதி ஊக்கு. நல்ல வேளையாகக் காசிமாயன் திருவிழாவுக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தான். அதில் சிவப்பு.

“சார், சிவப்பு நெறைய இருக்கு. எதை அழுத்துறது?” என்றான் பவுன்ராசு.

“நெறையவா? ஒண்ணுதானே இருக்கணும். வட்டமா இருக்கும் பாருங்க.”

“எல்லாமே வட்டம்தான் சார்.”

“சரி, இருக்கிறதுல பெருசா ஒண்ணை அழுத்துங்க. என்ன ஆகுது?”

பவுன்ராசு நெஞ்சுக்கு நேரே இருந்த பட்டனை அழுத்தினான். காசிமாயன் நெளிந்தான்.

“கூச்சமா இருக்குதாம் சார்.”

எதிர்முனையில் ஆரோக்கியம், பட்டன் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினார். கண்டுபிடித்து அழுத்தினார்கள். பவுன்ராசு வெங்காயத்தை ஒரு முறை மனசாரக் கூவினான்.

“திரையில கோடு மேலயும் கீழயும் ஆடுதா?”

“இல்ல சார். கோணல் மாணல் இல்லாம நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு,” என்றான் பவுன்ராசு பெருமையாக.

“நேரா இருந்தா ஒண்ணும் பதியலைன்னு அர்த்தம். மைக்கைச் சொருகிட்டீங்களா?”

“அதெல்லாம் அப்பவே சொருகியாச்சு!” என்று அன்னக்கொடி குரல் கொடுத்தாள். “இடுப்புலதான் இருக்கு.”

சேலை மடிப்பிலிருந்து மைக் வெளியே வந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கிற ஓட்டையில் போய்ச் சேர்வதற்குள் ஆரோக்கியம் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இந்தத் தடவை பவுன்ராசு மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கூவினான். கோடு குதித்த குதியில் காசிமாயன் பயந்து பின்னால் நகர்ந்தான். போனில் கேட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியம், “ஐயையோ, சத்தம் உடையுதுங்க!” என்றார்.

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்னக்கொடி துடைப்பத்தை எடுத்து வந்து மூலை முடுக்கெல்லாம் கூட்டிப் பார்த்தாள். வெங்காயச் சருகுதான் வந்தது.

“எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கும் மச்சான்?” என்று கவலையோடு கேட்டான் காசிமாயன்.

பவுன்ராசு யோசித்தான். “‘வெங்’ வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு மாப்ளே. ‘காயம்’ங்கிறப்பதான் ஏதோ ஆகியிருக்கு.”

“உடையத்தானே செய்யும். அம்புட்டு உயரத்துல இருந்து விழுந்தா?” என்றான் சுருளிவேல். “கீழ மெத்துன்னு எதையாவது போடுங்கண்ணே.”

மெத்தையை இழுத்து வந்து விரித்தார்கள். அதன்மேல் ஜமுக்காளம். பவுன்ராசு குரல் சேதாரம் இல்லாமல் விழுவதற்குத் தோதாக மண்டியிட்டுக்கொண்டு, மைக்கைத் தள்ளி வைத்துக் குனிந்து கூவினான். மைக் தள்ளிப் போனதில் சத்தம் சுத்தமாகப் பதிந்துவிட்டது. “இப்ப அருமையா இருக்கு!” என்றார் ஆரோக்கியம். மெத்தையின் மகிமையை எண்ணி எல்லோரும் வியந்தார்கள்.

“ஆனா பின்னாடி இரைச்சல் வருதுங்க. மழைச் சத்தம், காத்தாடிச் சத்தம். அதை எடுத்துரலாம். அதுக்கு என்ன பண்ணணும்னா, யாரும் பேசாம சும்மா இருந்து, அந்தச் சும்மா இருக்கிறதைக் கொஞ்சம் பதிஞ்சு வைங்க.”

இதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த வேலையாக இருந்தது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பதிந்ததைத் திரும்பப் போட்டு, தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்கள்.

“மதினி சும்மா இருந்தது நல்லா விழுந்திருக்கு,” என்றான் சுருளிவேல். “என்னோடதுதான் கேக்கவே இல்ல.”

“நீ தூரத்துல உக்காந்து சும்மா இருந்தா எப்படிக் கேக்கும்? பக்கத்துல வந்து சும்மா இரு,” என்றாள் அன்னக்கொடி.

சுருளிவேல் மைக்குக்குப் பக்கத்தில் வந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கச் சும்மா இருந்தான். திரும்பப் போட்டுக் கேட்டதில் அவனுக்குத் திருப்தி. “எங்கப்பாரு சும்மா இருந்தா இப்படியேதான் இருப்பாரு,” என்று கண் கலங்கினான்.

ஆரோக்கியம் சொல்லச் சொல்ல அங்கே இங்கே அழுத்தியதில், இரைச்சலும் போனது. இப்போது பவுன்ராசுவின் குரல் பளிச்சென்று இருந்தது. அவனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நாளைக்கே வண்டியை எடுத்துவிடலாம், வெங்காயம் தப்பித்தது என்று நினைத்தான்.

“அவ்வளவுதான். மூடுறதுக்கு முன்னாடி மறக்காம சேவ் பண்ணிருங்க. சேவ் பண்ணாம மூடுனா எல்லாம் போயிரும்,” என்று சொல்லிவிட்டு ஆரோக்கியம் போனை வைத்தார்.

பவுன்ராசு தாடையைத் தடவிப் பார்த்தான். படுக்கையில் கிடந்ததில் முள்ளு முள்ளாக வளர்ந்திருந்தது. “கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியுது!” என்று அசந்துபோனான். மூன்று ஆண்களும் நனைந்துகொண்டே சலூனுக்கு ஓடினார்கள். அன்னக்கொடிதான் வாசலில் நின்று, “நான் என்னங்க பண்றது?” என்று பரிதவித்தாள்.

“நீ பதியும்போது பேசவே இல்லல்ல? உனக்கு வேணாம்,” என்று தெருவிலிருந்தே தீர்ப்புச் சொன்னான் பவுன்ராசு.

மழமழவென்று திரும்பி வந்தார்கள். கம்ப்யூட்டருக்கு எதிரே வரிசையாக நின்று, இடது கன்னம் வலது கன்னம் இரண்டையும் திருப்பிக் காட்டினார்கள். மூடப் போனபோது, சேவ் பண்ணணுமா என்று திரையில் கேள்வி வந்தது. அதான் பண்ணியாச்சே என்று ‘வேண்டாம்’ என்கிற இடத்தில் அழுத்தி மூடினார்கள். மறுபடி திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை.

பவுன்ராசு மெத்தைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். முன்னறை முழுக்க முளை வாசம் வீசியது. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. “மீசையையும் எடுத்திருக்கணுமோ?” என்று மெதுவாகக் கேட்டான் காசிமாயன்.

அன்னக்கொடி கணவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “போனா போகுது, விடுங்க. வாய் இருக்கு, மைக் இருக்கு. இன்னொருக்கா சொன்னா ஆச்சு.” அந்த ஆறுதலில் அவன் எழுந்து மறுபடி மண்டியிட்டு, விலையையும் சேர்த்து முன்னைவிட உருக்கமாகக் கூவினான். மெத்தை இருந்தது, சும்மா இருத்தல் இருந்தது, எல்லாம் நடந்தது. ஆரோக்கியத்துக்குப் போன் போட்டார்கள்.

“முன்னாடி கேட்டதைவிட நல்லா இருக்குங்க. கடைசியில மட்டும் நீளமா வால் மாதிரி நீண்டுக்கிட்டுக் கிடக்கு பாருங்க, அந்த வாலை வெட்டிருங்க. முடிஞ்சுது.”

அவர் சொன்னது, பேச்சு முடிந்த பிறகும் திரையில் வெறுமனே நீண்டுகொண்டிருந்த கோட்டை. இவர்கள் தேடியது வாலை. கம்ப்யூட்டரில் வாலோடு இருந்தது மவுஸ் ஒன்றுதான். சுருளிவேல் அரிவாள்மனையைக் கொண்டுவந்தான். காசிமாயன் மவுஸைத் துடிக்காமல் பிடித்துக்கொண்டான்.

“வெட்டியாச்சு சார். ரத்தம்கூட வரல,” என்றான் பவுன்ராசு. “ஆனா அதுக்குப் பெறகு அசையவே மாட்டேங்குது. பாவம்.”

ஆரோக்கியம் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் கடையைச் சாத்திவிட்டு, புது மவுஸோடு பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். நாலு பேரையும் வாசலுக்கு அனுப்பிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். பதிந்திருந்ததை வெட்டவேண்டிய இடத்தில் வெட்டி, பென் டிரைவில் ஏற்றி, வண்டி ஸ்பீக்கரில் அவரே மாட்டி, அவரே போட்டும் காட்டினார். மூட்டைகளை ஏற்றும்போது முளையைக் கிள்ளிவிட்டு ஏற்றச் சொன்னார். கிளம்பும்போது சுருளிவேலைக் கூப்பிட்டு, “ஓட்டிக்கிட்டு மட்டும் போங்க தம்பி, வேற எதையும் தொடாதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மழை விட்டிருந்தது. வண்டி பக்கத்து ஊருக்குள் நுழைந்தது. பெரிய தெருவில் வேப்ப மரத்தடியில் நிறுத்தியதும், மேலே கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து பவுன்ராசுவின் குரல் கணீரென்று கிளம்பியது.

“அம்மா வாங்க, அய்யா வாங்க! வெங்காயம் உங்க வாசலுக்கே வந்திருச்சு! நாலு கிலோ நூறே ரூவா! பையை எடுத்துக்கிட்டு உடனே ஓடி வாங்க! இப்ப விட்டா கிடைக்காது!”

வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பவுன்ராசுவுக்குப் புல்லரித்தது. ஒரு மனுஷன் இவ்வளவு உருகிக் கூப்பிடும்போது உட்கார்ந்துகொண்டிருப்பது மரியாதையா என்று மனசு அரித்தது.

“நாலு கிலோ நூறு ரூவாயாம்ல! மலிவுதான்,” என்றாள் அன்னக்கொடி.

“வீட்டுல வெங்காயம் இருக்கா?”

“ஏதுங்க? இருந்ததை எல்லாம் வண்டியில ஏத்தியாச்சே. வதக்குறதுக்கு ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப எறங்கு.”

நாலு பேரும் இறங்கி, ஆளுக்கொரு பையோடு வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். நாலு பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் தெருவே வந்து பின்னால் நின்றுவிட்டது. தராசுப் பக்கம் ஆளைக் காணோம்.

“என்ன கடை இது?” என்று சிடுசிடுத்தான் சுருளிவேல். “கூப்புடத் தெரியுது, எடை போட ஆள் இல்ல.”

பவுன்ராசு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து, “அண்ணே, வந்துட்டோம்ணே!” என்றான்.

“உடனே ஓடி வாங்க!” என்றது ஸ்பீக்கர்.

“அதான் வந்துட்டோம்னு சொல்றேன்ல!”

பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பொறுமை போய், வண்டிமேல் ஏறி அவளே தராசைப் பிடித்தாள். காசைத் தட்டில் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். முதல் ஆளாக வாங்கியது பவுன்ராசு. பேரம் பேசி, கொசுறாக நாலு வெங்காயமும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பை நிறைய வெங்காயத்தோடு நாலு பேரும் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னல் வழியே பார்த்தபோது வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லாத கூட்டம். பவுன்ராசுவின் முகம் வாடிப்போயிற்று.

“இப்படி ஒருத்தன் புதுசா வந்திருக்கான். இனிமே நம்ம யாவாரம் என்னத்துக்கு ஆகும்?”

அன்னக்கொடி அவன் காதருகே குனிந்தாள். “மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. நாளைக்கு வெள்ளனவே நம்ம வண்டியைக் கொண்டாந்து அவன் வண்டி நிக்கிற எடத்துல நிறுத்திருவோம். என்ன பண்றான்னு பாத்துருவோம்!”