மாதிரி நோட்டில் இருந்த தேதி

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் துறைத்தலைவர் தண்டாயுதத்துக்கு மேசைமேல் இருந்த மாதிரி ரெக்கார்டு நோட்டுதான் வேதம். அதைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் எழுதி வந்தால்தான் கையெழுத்து. கையெழுத்து இல்லாதவர்கள் மறுநாள் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது. அப்படி வருஷத்தை இழந்த பிள்ளைகள் உண்டு. அவர் மறந்திருப்பார், அவர்கள் மறக்கவில்லை.

டிராக்டர் மெக்கானிக் மகள் பூங்கோதை மட்டும் ஒவ்வொரு புரோகிராமையும் தானே ஓட்டிப் பார்த்து எழுதியிருந்தாள். அவள் நோட்டைப் புரட்டிய தண்டாயுதம் ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.

"அவுட்புட் தப்பு. மாதிரி நோட்டுல இருக்கிறபடியே எழுதிட்டு வா."

"இது இன்னைக்குத் தேதியைக் காட்டுற புரோகிராம் சார். மாதிரி நோட்டுல எட்டு வருஷத்துக்கு முந்தின தேதி இருக்கு. அப்ப நான் ஆறாங்கிளாஸ்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? மத்த அறுபது பேர் எழுதலையா?"

"சரிங்க சார், எழுதிடறேன்" என்றாள் பணிவாக. "நீங்களும் கையெழுத்துக்குக் கீழே அதே தேதியைப் போட்டுடுங்க. இல்லேன்னா நாளைக்கு வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர், நம்ம ரெண்டு பேர்ல யாருக்குத் தேதி தெரியலைன்னு கேப்பார்."

தண்டாயுதம், தான் கையெழுத்திட்டு அடுக்கியிருந்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பிறகு இன்னொன்றை. பத்தாவதோடு நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றிலும் அதே பழைய தேதி. அடியில் அவருடைய கையெழுத்து, இந்த வாரத் தேதியோடு.

அவள் நோட்டில் கையெழுத்துப் போட்டார். குரல் இறங்கியிருந்தது, உதட்டோரம் சிரிப்பும் வந்திருந்தது.

"மத்தவங்களையும் திருத்தி எழுதச் சொல்லும்மா."

"சொல்றேன் சார். ஆனா அறுபது பேரும் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாங்க, பரவாயில்லையா?"