குழாய் எட்டாத மூலை

கோயம்புத்தூரில் ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் இருந்தார், பேர் வரதராஜுலு. கோர்ட்டை விட்டாரே ஒழிய, தீர்ப்புச் சொல்வதை விடவில்லை. வீட்டு முன்னால் பெரிய புல்தரை. அதைப் பார்த்துக்கொள்ளப் பூவாயி. பின்னால் ஒற்றை ரூமில் அவள் குடியிருப்பு.

புரட்டாசியில் புல் வட்டம் வட்டமாகப் பழுத்தது. விடிகாலையில் பூவாயி குனிந்து பார்த்தாள். ஈரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருந்தது.

"பூஞ்சாணமுங்கய்யா. அந்தியில தண்ணி விட்டா ராவெல்லாம் ஈரம் நிக்குது. காலையில விடலாமுங்க."

ஜட்ஜுக்கோ, சாயங்காலக் காப்பியோடு தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தாக வேண்டும். காப்பிக்கு வந்த நண்பர்கள் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னார்.

"நீ சரியா தண்ணி விடலை, அதான் காய்ஞ்சு செத்துப்போச்சு. மாசக் கடைசிக்குள்ள எல்லாம் பச்சையா இருக்கணும். ஒரு வட்டம் இருந்தாலும் ரூமைக் காலி பண்ணிடு."

பூவாயி நாய்க்கூண்டுப் பக்கம் கை காட்டினாள். அந்த மூலை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது.

"அங்க குழாய் எட்டாதுங்கய்யா. மழை பேஞ்சாத்தான் தண்ணி. காஞ்சு செத்துதுன்னா, அதுதானுங்களே மொதல்ல செத்திருக்கோணும்?"

நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். ஜட்ஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கே நீளமான குழாய் வாங்கு. தினம் சாயங்காலம் அங்கேயும் விடணும்."

குழாய் வந்தது. பத்தாம் நாள் அந்த மூலையிலும் ஒரு வட்டம் விழுந்தது. பூவாயி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.