எட்டாம் வகுப்பின் கோபச் சாக்குகள்

மேலக்கரடு பள்ளிக்கூடத்தில் மூளைக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர்கள் மூவருக்கும் சேர்த்து ஒன்று இருந்தது. எந்த நாளில் யாரிடம் இருக்கும் என்பதுதான் தெரியாது. தலைமையாசிரியர் சிங்கராயர், மூன்றாம் வகுப்புக்குப் பிலோமினா டீச்சர், எட்டாம் வகுப்புக்கு நான்.

என் வகுப்பில் ஓயாத அடிதடி. "இன்னொரு சண்டைன்னு காதுல விழுந்தா உங்களை மலைக்கு மாத்திடுவேன்" என்று கல்வி அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மலை என்றாலே குளிரும்.

சிலம்ப வாத்தியார் தவசியைக் கூட்டி வந்தேன். பையன்களைக் காலை அகட்டி நிற்கவைத்து, கம்பை மெதுவாகச் சுற்றவைத்தார். "மூச்சை இழுங்கப்பா. நிதானமா விடுங்க. கோபமும் கூடவே வெளிய போயிடும்."

அன்று சண்டையே இல்லை. மறுநாள் பிலோமினா டீச்சர் வந்து நின்றார்.

"சார், உங்க பிள்ளைங்க விட்ட கோபம் ஜன்னல் வழியா என் கிளாஸுக்கு வந்துடுச்சு. ஒருத்தன் பக்கத்துல இருக்கிறவன் காதைக் கடிச்சுட்டான்."

"ஜன்னலைச் சாத்திடலாமே டீச்சர்."

"சாத்தினா உள்ளேயே சுத்தும். விட்டதையே திரும்ப இழுப்பானுங்க" என்றார் சிங்கராயர். அவர் எம்.ஏ. என்பதால் மறுபேச்சு இல்லை.

கடைசியில் வழி சொன்னவன் நான்தான். பையன்கள் கம்பு சுற்றி முடித்ததும் சத்துணவு அரிசிச் சாக்குக்குள் மூச்சை விட்டார்கள். ஓட்டைகளைப் பிலோமினா டீச்சர் தைத்தார். நான் வாயைக் கட்டினேன்.

"ரெட்டை முடிச்சாப் போடுங்க சார். அது செல்லையா கோபம்" என்றார் சிங்கராயர்.

சாமான் அறையில் அடுக்கினோம். எத்தனை அடுக்கியும் இடம் அடைக்கவில்லை. நன்றாக அமுக்கியிருக்கிறேன் என்று பாராட்டினார்கள். சண்டையும் நின்றுவிட்டது.

அதிகாரி திரும்ப வந்தார். வகுப்பு சாதுவாக இருந்தது. ஆனால் அரிசி கொட்டச் சாக்கே இல்லை என்று சமையல்கார அம்மா முறையிட, அவர் சாமான் அறைக்கு நடந்தார்.

"ஐயா, திறக்காதீங்க. ரெண்டு மாசக் கோபம் உள்ள இருக்கு" என்று கெஞ்சினேன்.

ஒரு சாக்கை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது, மீசை துடித்தது.

"சொன்னேனே ஐயா" என்றேன். "ஏறிடுச்சு."

அங்கேயே மாற்றல் எழுதிக் கையில் கொடுத்தார். நான் பெருமூச்சு விட வாயைத் திறந்தேன். பிலோமினா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சாக்கை விரித்துப் பிடித்தார்.

"இதுல விடுங்க சார். இது வருத்தம். கோபத்தோட கலந்துடக் கூடாது."

மலை பஸ்ஸில் அதை நசுங்காமல் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன்.

"சீட்டுல வச்சா டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"இதுக்கு எதுக்குங்க? இன்னைக்குக் காலையிலதான் பிறந்துச்சு."