விடு என்றொரு சொல்

தோப்புச் சாமி சொன்ன வேட்டைக் கதையைப் பலவேசம் பல வருடங்கள் நம்பவில்லை. சாமியை நம்பினார். கதையைத்தான் நம்பவில்லை.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் பிரித்துத்தான் வைத்திருந்தார். ஏனென்றால் அந்தக் கதை நாய்களைப் பற்றியது. நாய் விஷயத்தில் பலவேசத்திடம் யாரும் கதைவிட முடியாது.

கரிசல் காட்டில் வெளிமானைத் துரத்தும் நாய்களை வளர்ப்பவர் அவர். ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியுமாக, காற்றில் செய்தது போன்ற நாய்கள். அவற்றோடு ஓடி ஓடி ஐம்பது வயது தாண்டிவிட்டது.

சாமி அவரைவிட இளையவர். எங்கிருந்தோ வந்து, குளத்துக்கு அப்பால் பனந்தோப்பில் குடிசை போட்டு இருந்தார். பலவேசம் அவரைச் ‘சாமி’ என்பார். சாமி அவரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடும் குருவை இங்கேதான் பார்க்கிறோம் என்று ஊரில் சிரித்தார்கள்.

பலவேசம் முதன்முதலாகத் தோப்புக்குப் போனது தம்பி கொம்பையாவால்.

வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. மானை முதலில் கவ்விய நாய்க்கென்று ஒரு பின்னந்தொடையைத் தனியே எடுத்துவைப்பார்கள். நாய்ப்பங்கு என்று அதற்குப் பெயர். நாய்க்கு என்னவோ எலும்புதான். கறி நாய்க்காரன் வீட்டுக்குப் போகும். கறியைவிடப் பேர் பெரிது.

ஒரு மாசி வேட்டையில் அண்ணன் நாயும் தம்பி நாயும் ஒரே மானைக் கவ்வி நின்றன. ஒன்று கழுத்தில், ஒன்று பின்னங்காலில். எது முதல் என்று கேள்வி வந்தது. ஊர் பார்க்க இருவரும் தொடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அந்த இழுப்பில் பலவேசம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். கொம்பையா இரண்டு சொன்னான். அன்றோடு பேச்சு அறுந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் முள்வேலி வந்தது.

பலவேசத்துக்குப் பிள்ளை இல்லை. கொம்பையாவின் மகள் சொர்ணம் நடை பழகியதே பெரியப்பா வீட்டு முற்றத்தில்தான். வேலி வந்த புதிதில் அவள் அந்தப் பக்கம் நின்று “பெரிப்பா” என்று கூப்பிடுவாள். யாரோ அதட்டினார்கள் போலிருக்கிறது. பிறகு கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் பலவேசம் தோப்புக்குப் போனார்.

“மனசு விடமாட்டேங்குது சாமி.”

“எதை?”

“என் நாய்தான் முதல்ல கவ்வுச்சு. அதை.”

“நீங்க பார்த்தீங்களா அண்ணாச்சி?”

பார்த்தேன் என்று சொல்லத்தான் பலவேசம் வாயைத் திறந்தார். மூச்சிரைக்க அவர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாய்களும் கவ்வியிருந்தன. அதற்கு முன்பே பார்த்தாரா? இல்லை, பார்த்தேன் பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்ததாக ஆகிவிட்டதா? யோசிக்க யோசிக்கக் காலடி மண் சரிவது போலிருந்தது.

“அது கெடக்கட்டும். எப்படி விடுறது? அதைச் சொல்லுங்க.”

சாமி சொன்னார்:

“ஒரு ஜமீன்தார் வேட்டைக்குப் போனார். ரெண்டு நாய். ஒண்ணு முந்தி ஓடி மானைக் கவ்விக்கிச்சு. இன்னொண்ணை ஒரு ஆள் கயித்துல பிடிச்சுக்கிட்டு நின்னான். மான் திமிறுது. ஜமீன்தார் குதிரைமேல இருந்து, ‘விடு! விடு!’ன்னு கத்தினார். கயித்துல இருக்கிற நாயை விடச் சொன்னார். ஆனா அந்தச் சொல்லு கவ்வியிருந்த நாயோட காதுல விழுந்துச்சு. அது வாயைத் திறந்து விட்டுருச்சு. மான் போயிருச்சு. கயிறு பிடிச்சவன் அதைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டான். ஜமீன்தார் வந்து, ‘ஏண்டா விடலை?’ன்னார். அவன், ‘விட்டாச்சே எசமான்’னான்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

பலவேசத்துக்குக் கோபம் வந்தது. மனக்கஷ்டத்தோடு வந்தவனிடம் இப்படியா?

“இது நடக்காது சாமி.”

“ஏன்?”

“ஏவிவிட ‘சூ’ன்னு ஒரு சத்தம் குடுப்போம். வேட்டை நாய்க்கு அது ஒண்ணுதான் தெரியும். ‘விடு’ன்னு எங்க அப்பனும் பழக்கினதில்லை, பாட்டனும் பழக்கினதில்லை. கவ்வின வாயைக் கம்பைக் குடுத்து நெம்பித்தான் எடுக்கணும்.”

“அப்படியா? எனக்குத் தெரியாதே.”

“தெரியாமத்தான் சொன்னீங்களா?”

“அப்போ நீங்களே பழக்கிப் பாருங்க அண்ணாச்சி. நாய் விடலைன்னா கதை பொய்யின்னு வந்து சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.”

அந்தக் கதையைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்ற வீம்போடுதான் பலவேசம் வீடு திரும்பினார்.

வீட்டிலிருந்த கிழட்டுப் பெட்டைநாயின் வாயில் எலும்பைக் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “விடு” என்பார். அது உறுமும். இன்னும் சத்தமாகச் சொல்வார். அது இன்னும் சத்தமாக உறுமும்.

அவர் மனைவி பூலம்மாள் சுளகில் அரிசி புடைத்தபடியே சொன்னாள்: “விடிஞ்சா ‘விடு’, பொழுது சாஞ்சா ‘விடு’. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க, நான் உம்ம வேட்டியைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைக்கப் போறாங்க.”

“நீ வேற சும்மா இரு.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். நாயும் சும்மாத்தான் இருந்துச்சு.”

சில மாதங்களில் பலவேசம் தோப்புக்கு வெற்றியோடு போனார்.

“சாமி, உங்க கதை பொய்.”

“நாய் என்ன செஞ்சுது?”

“இழுக்குது, உறுமுது.”

“நீங்க?”

“நானும் விடாம இழுத்தேன்.”

“சரிதான்,” என்றார் சாமி. “ரெண்டு பேருமே விடலை.”

பலவேசம் விறுவிறுவென்று வந்துவிட்டார். வெகுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. இவன் வயசென்ன, என் வயசென்ன என்று உள்ளுக்குள் கறுவினார். ஆனால் சாமி சொன்னது செருப்பில் புகுந்த சிறுகல் மாதிரி கூடவே நடந்தது.

கிழட்டு நாய் கடைசியாக ஒரு ஈற்று ஈன்றது. அதில் ஒரு பெட்டைக்குட்டி. மின்னி என்று பெயர் வைத்தார். ஒரு நாள் குட்டி எலும்பின் ஒரு முனையைக் கவ்வியிருந்தது. பழக்கதோஷத்தில் அவர் மறுமுனையைப் பிடித்திருந்தார். “விடு” என்றார். குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. என்ன நினைத்தாரோ, தன் கையை எடுத்துவிட்டார்.

மின்னி பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தது. எலும்பைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு எலும்பைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் வெறுங்கையை முகர்ந்தது.

அதன்பின் தினமும் அப்படியே. “விடு” என்பார். முதலில் அவர் விடுவார். பிறகு அது விடும். நாள் போகப் போக அவர் சொல்லி வாய் மூடுமுன் அது விட்டது.

அப்போதும் அவர் கதையை நம்பவில்லை. முற்றத்தில் எலும்பை விடுவது ஒன்று. காட்டில் ரத்தம் நாக்கில் பட்டபின் விடுவது வேறு. சாமியிடம் அதைச் சொன்னார். சாமி “ம்” என்று மட்டும் சொன்னார்.

வருடங்கள் போயின. ஒரு மாசியில் வேலிக்கு அப்பால் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். சொர்ணத்துக்கு மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது என்று பூலம்மாள் கேள்விப்பட்டு வந்தாள். பலவேசம் வீட்டுக்குச் சொல்ல யாரும் வரவில்லை. பலவேசம் அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து வேட்டை. ஓடைக்கரையில் ஒரு ஆண்மான், இரலை, எழுந்தது. முறுக்குக் கொம்பு, கறுத்த முதுகு. பலவேசம் “சூ” என்றார். மின்னி போனது தெரியவில்லை. தூசிதான் தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து கொம்பையாவின் நாய் கருவாயன் வந்தது.

இந்தத் தடவை பலவேசம் மேட்டில் நின்றார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மின்னிதான் முதலில் கழுத்தைக் கவ்வியது. அதன்பிறகுதான் கருவாயன் காலைப் பிடித்தது. தன் கண்ணால் பார்த்தார். சந்தேகமே இல்லை.

அவர் இறங்கி ஓடினார். அந்தப் பக்கமிருந்து கொம்பையா ஓடிவந்தான். ஊர்க்காரர்கள் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் மானுக்கு இருபுறமும் நின்று மூச்சு வாங்கினார்கள். கொம்பையாவின் தலை நரைத்திருந்தது. எப்போது நரைத்தது? வேலிக்குள்ளேயே இருந்து நரைத்திருக்கிறான்.

கொம்பையா வாயைத் திறந்தான். அவன் சொல்லப்போவது பலவேசத்துக்குத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது. இந்த முறை உண்மையான பதில்.

“விடு,” என்றார் பலவேசம்.

மின்னி விட்டது.

அதைக் கண்டு கருவாயன் ஒரு கணம் திகைத்தது. இரலை உதைத்த உதையில் அதன் பிடியும் நழுவியது. நாலே துள்ளலில் மான் உடைமுள் மரங்களுக்கு அப்பால் போய்விட்டது.

இருவரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

“யாரைச் சொன்னே?” என்றான் கொம்பையா. அத்தனை வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

பலவேசம் தன் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பலவேசம் பயந்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“சரி அண்ணே, ஒத்துக்கிடுதேன். உன் நாய்தான் முதல்.”

“என்னது?”

“முதல்ல விட்டது.”

பலவேசத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைகொட்டிச் சிரிக்கும் இருவரையும், வெறும் வாயோடு நிற்கும் இரண்டு நாய்களையும் பார்த்து, ஓடிவந்த ஊர்க்காரர்கள் மான் எங்கே என்று கேட்கக்கூட மறந்து நின்றார்கள்.

“சொர்ணத்துக்குப் புதன்கிழமை பரிசம்,” என்றான் கொம்பையா, தரையைப் பார்த்துக்கொண்டே. “பந்தல் போட இடம் பத்தாது. வேலியைப் பிடுங்கணும். ஒத்தை ஆளால ஆகாது. நீ வந்து ஒரு பக்கம் பிடி.”

பரிசம் முடிந்த மறுநாள் பலவேசம் வெற்றிலையும் பழமும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். மின்னியும் கூடப் போனது. நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். சாமி பனையோலை கிழித்தபடியே கேட்டார்.

“கதை பொய்யின்னு சொல்ல வந்தீங்களா அண்ணாச்சி?”

பலவேசம் உட்கார்ந்தார். உள்ளங்கைகளில் வேலிமுள் கீறிய கோடுகள். அப்படி ஒரு ஜமீன்தார் இருந்தாரா, நிஜமாகவே நடந்ததா என்று கேட்கத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். வழிநெடுக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தார். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

“சாமி, அந்த ஜமீன்தார் நாய் இருக்கே... அது சொன்ன உடனே விட்டுச்சா? இல்லை, அதுக்கும் இத்தனை வருஷம் ஆச்சா?”