ஒரு கொட்டைதானே

மழை பிந்திப்போன ஒரு காட்டில், செம்பன் என்னும் மலை அணில் தன் மனைவி கொன்றையோடு வாழ்ந்துவந்தது. உயரமான வேங்கை மரத்தின் பொந்துதான் அவற்றின் வீடு. இன்னும் கண் திறக்காத இரண்டு குட்டிகள் அதற்குள் சுருண்டு கிடந்தன.

அந்தக் காட்டில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. கிளைகள் பாசி பிடித்து வழுக்கும். அணில்களால் வெளியே போய் இரை தேட முடியாது. அதற்காகக் கோடை முழுவதும் இரண்டும் வாதாங்கொட்டைகளைப் பொறுக்கிப் பொந்தில் சேர்த்திருந்தன. ஆனால் அந்த வருடம் காய்ப்பு குறைவு.

"இன்னும் கொஞ்சம் இருந்தால் பயமில்லாமல் இருக்கலாம்" என்றது கொன்றை.

"நான் கொண்டுவருகிறேன்" என்றது செம்பன். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

குழந்தைகளே, அந்தக் காட்டின் ஆற்றோரத்தில் ஒரு பெரிய பாறை உண்டு. பகல் நேரத்தில் அதன் நிழலில் இலையாட்டம் நடக்கும். இலை போடுவது கருங்குரங்கு. யார் பக்கமும் சாயாதது அது. முள்ளம்பன்றியும் மரநாயும் நாள் தவறாமல் ஆட வரும்.

ஆட்டம் எளிதானது. ஆளுக்கு இரண்டு இலைகள் கவிழ்த்துப் போடப்படும். எடுத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பிப் போட்டு விலகிக்கொள்ளலாம். அதற்குச் செலவில்லை. ஆட வேண்டுமென்றால் நடுவில் ஒரு கொட்டை வைக்க வேண்டும். விருப்பமிருந்தால் கூடவும் வைக்கலாம். பிறகு மூன்றாவது இலை வரும். மீண்டும் வைக்க வேண்டும். கொட்டை தீர்ந்துபோனவர் மேலும் வைக்காமலே கடைசிவரை இருக்கலாம். கடைசியில் எல்லோரும் காட்டுவார்கள். ஒரே இலை இரண்டு இருப்பவருக்கு வெற்றி. இருவரிடம் அப்படி இருந்தால், பெரிய இலைக்காரருக்கு வெற்றி. தேக்கிலைதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்கடுத்து ஆலிலை, பிறகு வேப்பிலை. புளியிலை கடைசி.

பொந்திலிருந்து எடுத்த கொஞ்சம் கொட்டைகளோடு செம்பன் அங்கே போய் உட்கார்ந்ததும் அதற்கு வந்தவை ஒரு புளியிலையும் ஒரு வேப்பிலையும். அது இலைகளைத் திருப்பிப் போடப் போனது.

"என்ன தம்பி, அதற்குள்ளேயா?" என்றது மரநாய். அதற்குத் தேன் தடவியதுபோன்ற பேச்சு. "ஒரு கொட்டைதானே? மூன்றாவது இலை என்னவென்று யாருக்குத் தெரியும்?"

முள்ளம்பன்றி தன் இலைகளைப் பார்த்தது. திருப்பிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

செம்பன் ஒரு கொட்டையை வைத்தது. மூன்றாவதாக இன்னொரு புளியிலை வந்தது. மரநாயிடம் ஜோடி எதுவும் இல்லை. நடுவில் இருந்த கொட்டைகளெல்லாம் செம்பனிடம் வந்து சேர்ந்தன.

"பார்த்தாயா?" என்று சிரித்தது மரநாய்.

அந்த வெற்றிதான் செம்பனைக் கெடுத்தது. அன்று முதல் எந்த இலை வந்தாலும் அது விலகவில்லை. ஒரு கொட்டைதானே என்று வைத்தது. வைத்த கொட்டை வீணாகக் கூடாதென்று இன்னொன்றையும் வைத்தது. எப்போதாவது வென்றது. பெரும்பாலும் தோற்றது. ஒவ்வொரு தோல்வியும் மிகச் சிறியதாக இருந்ததால், தோற்பதாகவே அதற்குத் தோன்றவில்லை.

"அண்ணே, நீங்கள் ஆட வந்தீர்களா, தூங்க வந்தீர்களா?" என்று ஒருநாள் முள்ளம்பன்றியைக் கேட்டது.

"ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றது முள்ளம்பன்றி, தன் இலைகளைத் திருப்பிப் போட்டபடி.

ஒருநாள் காலை, கொன்றை கொட்டை எடுக்கப் பொந்துக்குள் கை விட்டது. கை பொந்தின் அடியில் போய் இடித்தது.  அது திரும்பி, "கொட்டையெல்லாம் எங்கே?" என்று கேட்டது.

செம்பன் உண்மையைச் சொன்னது. வேறு வழியில்லை.

மேற்கே மலையுச்சி தெரியவில்லை. கருமேகம் அதை மூடியிருந்தது. காற்றில் மண்வாசனை வந்தது.

"இன்று ஒரே ஒரு நாள் போகிறேன். எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன்" என்றது செம்பன்.

"வேண்டாம். இருப்பதை வைத்து எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்."

"இருப்பது போதாது, கொன்றை. உனக்கே தெரியும்."

அது மீதமிருந்த கொட்டைகளை வாரத் தொடங்கியது. கொன்றை பாதியைத் தன் பக்கம் இழுத்து, குட்டிகளோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. "இதைத் தொட்டால் நான் கடிப்பேன்" என்றது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னது. செம்பன் மற்ற பாதியோடு இறங்கிப் போனது.

பாறையடியில் அன்று காற்று பலமாக இருந்தது. இலைகள் பறக்காமலிருக்க, கருங்குரங்கு அவற்றின்மேல் கல் வைத்திருந்தது.

முதல் ஆட்டத்தில் செம்பனுக்கு வேம்பும் புளியும். வைத்தது, போனது. அடுத்து ஆலும் புளியும். வைத்தது, போனது. இனி ஒரு நல்ல இலை வரும்வரை பொறுக்கலாம் என்று நினைக்கும். ஆனால் இலையைக் கையில் எடுத்ததும் கொன்றையின் முகம் நினைவுக்கு வரும். இதை விட்டால், வரவேண்டியதும் போய்விடுமோ என்று தோன்றும். மறுபடியும் ஒன்றை வைக்கும்.

முள்ளம்பன்றி விலகியது. மறுபடியும் விலகியது. மரநாய் மட்டும், "துணிந்தவன் நீதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே கொட்டைகளைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டது.

இடி ஒன்று உருண்டு போனது.

"போதுமென்றால் எழலாம்" என்றது கருங்குரங்கு.

செம்பன் தன் காலடியைப் பார்த்தது. ஒரே ஒரு கொட்டை கிடந்தது.

"போடு" என்றது.

இரண்டு இலைகள் விழுந்தன. செம்பன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தது. தேக்கிலை. அடுத்ததன் ஓரத்தை மெல்லத் தூக்கியது. அதுவும் தேக்கிலை.

 இத்தனை நாளில் அப்படி ஒரு ஜோடி யாருக்கும் வந்ததில்லை. அதை வெல்ல அந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை. வால் நடுங்குவதை மறைக்க, வாலின்மேலேயே உட்கார்ந்துகொண்டது. பிறகு கடைசிக் கொட்டையை நடுவில் வைத்தது.

முள்ளம்பன்றி தன் இலைகளைப் பார்த்தது. இந்த முறை திருப்பிப் போடவில்லை. ஒரு கை நிறைய கொட்டைகளை நடுவில் தள்ளியது. ஜெயித்துக்கொண்டிருந்த மரநாயும் விடவில்லை. அதே அளவு தள்ளியது. மூன்றாவது இலை வந்தது. முள்ளம்பன்றி தன்னிடமிருந்த எல்லாவற்றையும் வைத்தது. மரநாய் சற்றுத் தயங்கியது. பிறகு அதுவும் எல்லாவற்றையும் வைத்தது.

ஒரு மழைக்காலத்துக்குப் போதுமான குவியல் அங்கே இருந்தது. செம்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காட்டுங்கள்" என்றது கருங்குரங்கு.

மரநாயிடம் வேப்பிலை ஜோடி. முள்ளம்பன்றியிடம் ஆலிலை ஜோடி. செம்பன் தன் இரண்டு தேக்கிலைகளையும் விரித்து வைத்தது.  அது இரண்டு கைகளாலும் குவியலை அணைக்கப் போனது.

கருங்குரங்கு அதன் கையைப் பிடித்தது.

"நீ வைத்தது ஒன்று. அதற்கு ஈடாக அவர்களிடமிருந்து ஒவ்வொன்று. ஆக மூன்று கொட்டைகள் உனக்கு. மிச்சமுள்ளது அவர்கள் இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. அதில் ஆலிலைக்கே வெற்றி."

"என் இலைதானே பெரியது?" என்றது செம்பன்.

"பெரியதுதான்."

முள்ளம்பன்றி குவியலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு செம்பனைப் பார்த்துச் சொன்னது: "அந்தத் தேக்கு ஜோடிக்காகத்தான் நான் இத்தனை நாளும் காத்திருந்தேன், தம்பி. அது எனக்கு வரவே இல்லை. உனக்கு வந்தது."

முதல் துளிகள் பாறையில் விழுந்தன. செம்பன் மூன்று கொட்டைகளையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேங்கை மரத்தில் ஏறியது. அதற்குள் பட்டை நனைந்திருந்தது. இரண்டு முறை நகம் வழுக்கியது.

பொந்துக்குள் வந்து அந்த மூன்றையும் கீழே வைத்தது. கொன்றை அவற்றைப் பார்த்தது.  ஈரம் படாத மூலைக்குக் குட்டிகளை நகர்த்திவிட்டு, தான் ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு கொட்டையை உடைத்துத் தின்றது. அது தின்றால்தானே குட்டிகளுக்குப் பால் ஊறும்?

செம்பன் தனக்கென்று ஒன்றையும் தொடவில்லை. மழை பெய்த நாளெல்லாம் வழுக்கும் கிளைகளில் ஊர்ந்துபோய், மரப்பட்டையைச் சுரண்டித் தின்றது. குட்டிகள் கண் திறந்து முதன்முதலில் பார்த்தபோது, வாசலில் எலும்பும் தோலுமாக நனைந்து நின்றது தங்கள் அப்பாதான் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. பயந்துபோய்த் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டன.

நீதி: சிறிதுதானே என்று உதவாத வாய்ப்புகளிலெல்லாம் இருப்பதைக் கரைத்துவிட்டால், நல்ல வாய்ப்பு வரும் நாளில் வைப்பதற்கு ஒன்றும் இருக்காது.