நூற்றுக்கு நூறு சிங்காரம்

ஆலங்காட்டு மிருகங்களுக்கு விளாங்காய் எறி ஆட்டம் என்றால் உயிர். ஒருவர் விளாங்காயை எறிவார். எதிரே நிற்பவர் அதைக் கம்பால் அடிக்க வேண்டும். மூன்று தடவை கோட்டை விட்டால் ஆள் அவுட்!

எறிகிறவர்களில் மகா கெட்டிக்காரர் யாரோ, அவர் மடுவின் ஓரத்துக் கரும்பாறையில் காவிமண் குழைத்துக் கை பதிக்கலாம். கை பதித்தவருக்குப் பக்கத்து விளாமரம் ஆயுள் முழுக்கச் சொந்தம்.

அந்த மரத்தில் மருதாயி என்ற குரங்கு குடியிருந்தாள். அவள் அம்மா கை பதித்து வாங்கிய மரம் அது. போன மழைக்காலத்தில் அம்மா கண்ணை மூடிவிட்டாள். இனி மரம் யாருக்கு? மருதாயியின் வயிற்றில் குட்டி வேறு தொங்கிக்கொண்டிருந்தது. மரம் போனால் அதையும் தூக்கிக்கொண்டு எங்கே போவாள், பாவம்!

முடிவு சொல்ல ஒரு தேர்வுக் குழு கூடியது. அந்த மகானுபாவர்களைக் கொஞ்சம் பாருங்கள். ஆந்தை பகல் முழுக்கத் தூங்கும். ஆட்டமோ பகலில்தான் நடக்கும். எருமை சேற்றில் கிடக்கும். ஆட்டம் நடப்பது அதன் முதுகுப் பக்கம். தலைவர் நரியார் மட்டும் ஆட்டத்துக்குத் தவறாமல் வருவார். விழுந்து உடைகிற விளாங்காயைத் தின்னத்தான்! இந்த மூவரும்தான் எறியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப்போகிறார்கள்.

“முதலில் கரடியை எடுத்துக்கொள்வோம்” என்றது எருமை. “அவன் எறிந்தால் கம்பே முறியுமாமே!”

“இலுப்பைப் பூவைத் தின்றுவிட்டு வந்து எறிந்தான். அது போதை எறி. செல்லாது!” என்றது ஆந்தை, கண்ணைத் திறக்காமலே.

“அப்படியானால் மருதாயி?” என்று கேட்டது எருமை.

நரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மருதாயி பத்து வருஷமாக எறிகிறாள். ஆனால் பாதி ஆட்டம் தோல்வி. தோற்றவளுக்கு என்ன மரியாதை?”

மருதாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயா, என் பக்கம் ஆடினவர்கள் எல்லாம் ஆமைகள்! நான் ஆளை அவுட் ஆக்கினேன். அடிபட்ட காயைப் பிடிக்க ஆமை போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?”

“சாக்குச் சொல்லாதே அம்மா!”

“சரி, மடுவில் கிடக்கும் முதலையை மரத்திலிருந்து எறிந்து யார் விரட்டுகிறார்கள்? நீங்கள் மூவரும் இந்த மடுவில் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறீர்களே, அது யாரால்? அதன் மூக்கில் இருக்கிற வீக்கமெல்லாம் என் கைவேலை!”

“அது ஆட்டத்துக்கு வெளியே எறிந்தது” என்றது ஆந்தை. “கணக்கில் வராது!”

“வரவே வராது!” என்று எருமையும் தலையாட்டியது. அதற்கு என்ன புரிந்ததோ, அதற்கே வெளிச்சம்.

அப்போதுதான் நரியார் மெதுவாக ஒரு பேரை அவிழ்த்துவிட்டார். “என் மைத்துனன் சிங்காரத்தை யாரும் நினைக்கவில்லையே! இதுவரை ஒரு தோல்வி உண்டா? ஒரு எறி தவறியது உண்டா? நூற்றுக்கு நூறு!”

“அவன் எத்தனை தடவை எறிந்தான்?” என்று கேட்டாள் மருதாயி.

“ஒரு தடவை.”

“எதிரே யார் நின்றது?”

“நத்தை” என்றார் நரியார், குரலைத் தாழ்த்தி. உடனே குரலை உயர்த்திக்கொண்டார். “ஆனால் அவுட் அவுட்தானே!”

“அதற்குப் பிறகு ஏன் எறியவில்லையாம்?”

“சுளுக்கு!” என்றான் பக்கத்தில் நின்ற சிங்காரம். பாவனையாக முன்னங்காலைத் தடவிக்கொண்டான். எந்தக் காலில் சுளுக்கு என்பது மறந்துபோய், கொஞ்ச நேரம் கழித்து மற்றதைத் தடவினான்.

ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டது. சிங்காரம் காவிமண்ணில் பாதத்தை முக்கிப் பாறையில் பதித்தான். விளாமரம் அவனுக்கு. மரம் ஏறத் தெரியாத நரிக்கு மரம் எதற்கு என்று கேட்கிறீர்களா? பெருமை அடிக்கத்தான்! அடிமரத்தில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கையில் ஒரே ஒரு விளாங்காயோடு, மடுவைச் சுற்றி அக்கரைக்கு நடந்தாள் மருதாயி.

மரம் காலியானதை முதலை பார்த்துக்கொண்டே இருந்தது.

தீர்ப்புச் சொன்ன களைப்பில் நரியார் தண்ணீர் குடிக்கக் குனிந்தார். குடித்துவிட்டுத் திரும்பியதும் தபக்கென்று அவர் வாலைக் கவ்வியது முதலை!

“ஐயோ! மச்சான் சிங்காரம்! எறிடா! காலடியில் விளாங்காய் கிடக்கிறது, எடுத்து எறி!”

எருமை எழுந்து ஓடியே போய்விட்டது. சிங்காரம் விளாங்காயை எடுத்தான். முதலையைப் பார்த்தான். பாறையில் இருந்த தன் பாதத்தடத்தைப் பார்த்தான். மெதுவாகக் கீழே வைத்துவிட்டான்.

“ஏன்டா வைத்தாய்?”

“தவறிவிட்டால் என் நூற்றுக்கு நூறு என்ன ஆவது, அத்தான்?”

நரியார் பின்னங்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டார். “மருதாயி! அம்மா! தாயே!” என்று அலறினார்.

அக்கரையில் மருதாயி நின்றாள். ‘நன்றாக வேண்டும், போ!’ என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மனசு சொன்னதைக் கை கேட்கவில்லை. குட்டி ஒரு பக்கம் தொங்க, மடுவின் முழு அகலத்துக்கும் சேர்த்து வீசினாள்.

பட்டென்று மூக்கின் நடுவில்! முதலை தண்ணீருக்குள் மூழ்கியது. நரியார் கரையில் வந்து விழுந்தார். வாலில் முக்கால்வாசி முதலையோடு போய்விட்டது.

சத்தத்தில் ஆந்தை அரைக்கண் திறந்தது. “யார் எறிந்தது? மருதாயியா? ஆட்டத்துக்கு வெளியேதானே? அப்படியானால் கணக்கில்...”

“வாயை மூடும் ஐயா!” என்று கத்தினார் நரியார்.

சிங்காரம் அன்றைக்கே காட்டைவிட்டு ஓடிப்போனான். மருதாயி குட்டியோடு தன் மரத்தில் ஏறிக்கொண்டாள். “வாம்மா, வந்து கை பதி” என்று நரியார் எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தார். “உங்கள் பாறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள் அவள்.

கரும்பாறையில் மருதாயியின் அம்மா கைத்தடத்துக்குப் பக்கத்தில் இன்னமும் சிங்காரத்தின் பாதத்தடம்தான் இருக்கிறது. அது யாருடையது என்று யாராவது கேட்டால், நரியார் மிச்சமிருக்கும் கால்வாசி வாலை மடக்கி வைத்துக்கொண்டு வேறு பேச்சு பேசுகிறார்.

களத்தைப் பார்க்காதவர்கள் கூடிக் கொடுக்கும் புகழ், ஆபத்தில் யாரையும் காப்பாற்றாது.